வெற்று நிலம் அல்ல சஹாரா

1960 பிப்ரவரி 13 அன்று விடிகாலையில் பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. இடம், தெற்கு அல்ஜீரியாவில் ரெக்கான் என்ற ஊரை அடுத்த பாலைவனம். ஹிரோஷிமாவில் விழுந்ததைவிட நான்கு மடங்குக்கு மேல் வலிமையுள்ள குண்டு அது. 1966 வரை சஹாராவில் மொத்தம் 17 அணுச் சோதனைகள் நடந்தன. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகும் அவை நிற்கவில்லை. ஆளில்லாத, ஒன்றுமில்லாத இடம் என்பதுதான் சஹாராவைத் தேர்ந்ததற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஆனால் ரெக்கான் இருப்பது துவாத் எனப்படும் சோலைத் தொடரின் தென்கோடியில். அங்கே மக்கள் பல நூறு ஆண்டுகளாக நிலத்தடி நீரை எடுத்து, பங்குபோட்டு, பேரீச்சையும் தானியமும் காய்கறியும் விளைவித்து வாழ்ந்து வருகிறார்கள்.

சஹாரா என்றதும் நமக்கெல்லாம் மனதில் வருவது மணலும் வெயிலும் ஓர் ஒட்டகமும்தான். பாடப்புத்தகத்தில் தொடங்கி சினிமா வரை காட்டப்பட்டது அவ்வளவுதான். அந்தப் படத்தில் ஊர் இல்லை, வரலாறு இல்லை, முக்கியமாகத் தண்ணீர் இல்லை. இப்படிப் பார்த்துப் பழகியதால்தான் அங்கே குண்டு வெடிக்கலாம், வண்டியில் துரத்தி மான்களைச் சுடலாம், அடியிலிருக்கும் நீரைக் கணக்கில்லாமல் உறிஞ்சலாம் என்று பலருக்குத் தோன்றியிருக்கிறது. சஹாராவின் நிலம், வானிலை, விலங்கு, மனிதர் எதைப் புரிந்துகொள்ள வேண்டுமானாலும் அங்கே தண்ணீர் எப்படி வந்தது, எப்படிப் போனது, எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்க வேண்டும்.

சஹாராவின் பரப்பு சுமார் 92 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மேற்கே அட்லாண்டிக் கரையிலிருந்து கிழக்கே செங்கடல் வரை 4,800 கிலோமீட்டர் நீளம். மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து, மொரிட்டானியா, மாலி, நைஜர், சாட், சூடான், மேற்கு சஹாரா என்று இத்தனை நாடுகளுக்குள் அது விரிந்து கிடக்கிறது. இதில் மணல் மூடிய பகுதி கால் பங்குதான். மணற்குன்றுகள் அலையலையாகக் கிடக்கும் பகுதிக்கு அங்கே 'எர்க்' என்று பெயர். மற்ற இடமெல்லாம் பெரும்பாலும் 'ரெக்' என்னும் சரளைக்கல் சமவெளி, அல்லது 'ஹமாதா' என்னும் பாறை மேட்டுநிலம். காற்று நுண்ணிய மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டு, தூக்க முடியாத கல்லை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

நடுவே மலைகளும் உண்டு. அல்ஜீரியாவின் அஹகார், நைஜரின் ஆயிர், சாட் நாட்டின் திபெஸ்தி எல்லாம் பெரிய மலைத்தொடர்கள். திபெஸ்தியிலுள்ள எமி கூஸ்ஸி என்ற எரிமலை 3,400 மீட்டருக்கும் உயரம். சஹாராவில் அதுதான் உச்சி. எகிப்தின் கத்தாரா பள்ளமோ கடல்மட்டத்துக்கு 133 மீட்டர் கீழே இறங்குகிறது. மலைகளை மறந்துவிட்டுச் சஹாராவைப் பற்றிப் பேசவே முடியாது. எப்போதாவது வரும் மழையைப் பிடித்து, பாறை இடுக்குகளில் சுனைகளாகச் சேர்த்துவைப்பவை அவைதான். ஆடு மேய்ப்பவரும் காட்டு விலங்கும் கோடையில் போய் ஒதுங்குவது அந்தச் சுனைகளை நம்பித்தான்.

சரி, இவ்வளவு பெரிய நிலம் ஏன் காய்ந்து கிடக்கிறது? நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூடான ஈரக்காற்று மேலே எழும்பி, அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. ஈரம் இழந்த அந்தக் காற்று உயரத்தில் வடக்கு நோக்கி நகர்ந்து, 20 முதல் 30 பாகை அட்சரேகைக்குள் மறுபடி கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தத்தால் சூடாகும். அதில் மேகம் உருவாகாது. சஹாரா அந்த இறங்குமுகத்துக்கு நேர் கீழே இருக்கிறது. பெரும்பகுதியில் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர்கூட மழை கிடையாது. நடுப்பகுதியில் 25 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுவும் ஆண்டுதோறும் வரும் என்ற உறுதியில்லை. சில ஆண்டுகள் ஒரு துளியும் இல்லாமல் போகும், அப்புறம் ஒரே நாளில் கொட்டி, வறண்ட ஓடைகளில் வெள்ளம் பாய்ந்து ஆளையே அடித்துக்கொண்டு போகும். 2024 செப்டம்பரில் தென்கிழக்கு மொராக்கோவில் பெய்த மழையில், சுமார் 50 ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்த இரிக்கி ஏரி நிரம்பியது.

வெயிலைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். லிபியாவின் அல் அஸீஸியாவில் 1922இல் 58 டிகிரி செல்சியஸ் பதிவானது, அதுவே உலக உச்சம் என்று பழைய பொது அறிவு நூல்களில் இருக்கும். அந்த அளவீடு பிழையானது என்று உலக வானிலை அமைப்பு 2012இல் அதை நீக்கிவிட்டது. நம்பத்தக்க பதிவுகளில் அல்ஜீரியாவின் வார்க்லாவில் 2018 ஜூலையில் வந்த 51.3 டிகிரி மிக உயர்ந்தவற்றில் ஒன்று. இந்த வெயிலடிக்கும் அதே பாலைவனத்தில் குளிர்கால இரவு உறைநிலைக்கு இறங்கும். மேகமும் ஈரமும் இல்லாததால் பகலில் ஏறிய சூட்டைத் தடுத்து நிறுத்த வானத்தில் எதுவும் இல்லை. சஹாராவின் வடமேற்கு விளிம்பில் உள்ள ஐன் செஃப்ராவில் 2016, 2018, 2021 ஆண்டுகளில் மணற்குன்றுகள்மேல் பனியே விழுந்தது.

இந்த வறட்சி என்றென்றைக்குமானது அல்ல என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு தரும் செய்தி. ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை சஹாராவின் பெரும்பகுதி புல்வெளியாக இருந்தது. காரணம் வானத்தில் இருக்கிறது. பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடிச் சுற்றுவதால், பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் காலம் சுமார் 23,000 ஆண்டுச் சுழற்சியில் மாறிக்கொண்டே போகிறது. இப்போது அது ஜனவரியில் நிகழ்கிறது. 10,000 ஆண்டுகளுக்கு முன்பு வட அரைக்கோளத்தின் கோடையில் நிகழ்ந்தது. அதனால் வட ஆப்பிரிக்க நிலம் அதிகம் சூடேறி, கடலிலிருந்து பருவக்காற்றை இன்னும் வடக்கே இழுத்தது. மழை வந்தது, புல் முளைத்தது. புல்லும் ஏரியும் மேலும் ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்தன.

அந்தக் காலத்தை அங்கிருந்த மனிதர்களே பாறையில் வரைந்து வைத்திருக்கிறார்கள். தென்கிழக்கு அல்ஜீரியாவின் தஸ்ஸிலி மலைப்பகுதியில் மட்டும் 15,000க்கு மேற்பட்ட ஓவியங்களும் செதுக்கல்களும் உண்டு. யானை, ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை, அப்புறம் மந்தை மந்தையாக மாடுகள். எகிப்தின் தென்மேற்கு மூலையில் கில்ஃப் கெபிர் பகுதிக் குகையொன்றில் நீந்துவதுபோன்ற மனித உருவங்கள் உள்ளன. அவற்றை 1933இல் லாஸ்லோ அல்மாஷி என்ற ஹங்கேரியர் வெளியுலகுக்குத் தெரிவித்தார். நைஜரின் தெனெரே பகுதியில் கோபெரோ என்ற இடத்தில் 2000இல் ஒரு பழைய இடுகாடே கிடைத்தது. இன்று மணல் மட்டுமே தெரியும் அந்த இடத்தில், ஒரு காலத்து ஏரிக்கரையில் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்கள்.

அன்றைய சாட் ஏரி இன்றைய காஸ்பியன் கடல் அளவுக்குப் பரந்திருந்தது. அது வற்றியபோது அதன் ஆழமான பகுதி போதெலே என்னும் பள்ளமாக மிஞ்சியது. ஏரியில் வாழ்ந்து மடிந்த டயாட்டம் என்ற நுண்பாசிகளின் ஓடுகள் அங்கே வெள்ளைத் தூளாகப் படிந்திருக்கின்றன. திபெஸ்திக்கும் என்னெதி மலைக்கும் நடுவே நெருக்கிப் பாயும் காற்று அந்தத் தூளைக் கிளப்புகிறது. உலகிலேயே அதிகம் தூசி கிளம்பும் இடங்களில் ஒன்று அது. நாசாவின் செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து 2015இல் வெளியான கணக்கின்படி, சஹாராவிலிருந்து ஆண்டுக்கு சராசரியாக 18.2 கோடி டன் தூசி அட்லாண்டிக் நோக்கிப் போகிறது. அதில் 2.77 கோடி டன் அமேசான் படுகையில் விழுகிறது. அதோடு சேர்ந்து சுமார் 22,000 டன் பாஸ்பரஸும் போகிறது. மழையில் அரித்துப்போகும் அமேசான் மண்ணின் சத்தை ஈடுகட்டுவதில், வற்றிப்போன ஓர் ஆப்பிரிக்க ஏரிக்கும் பங்கு இருக்கிறது.

புல்வெளி காய்ந்துகொண்டு வந்தபோது மனிதர்கள் சும்மா இருந்துவிடவில்லை. மேய்ப்பர்கள் தெற்கேயும் நைல் ஆற்றங்கரைக்கும் நகர்ந்தார்கள். சஹாராவின் தென்மேற்கில், இன்றைய மாலி, மொரிட்டானியா பக்கம், குறைந்த மழையில் விளையும் ஒரு காட்டுப் புல்லைச் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே விதைத்துப் பயிராக்கியிருந்தார்கள். அதுதான் கம்பு. சில நூற்றாண்டுகளிலேயே அது கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தது. நம் ஊரில் காய்ச்சும் கம்பங்கூழுக்கு வித்து போட்டவர்கள் சஹாராவின் வறட்சியை எதிர்கொண்ட அந்த உழவர்கள்தான்.

பழைய ஈரத்தின் மிச்சம் இன்றும் அங்கங்கே உயிரோடு இருக்கிறது. சாட் நாட்டின் என்னெதி மலையில் அர்ஷெய் என்ற சுனை. செங்குத்தான பாறைகளுக்கு நடுவே கிடக்கும் அந்தக் கருநிற நீரில் ஒட்டகங்கள் நூற்றுக்கணக்கில் இறங்கிக் குடிக்கும். அதே நீரில் ஒரு சில முதலைகள் வாழ்கின்றன. சஹாரா பச்சையாக இருந்த காலத்தில் ஆறுகள் வழியே வந்து, ஆறுகள் மறைந்தபின் இங்கே மாட்டிக்கொண்ட முதலைகளின் வாரிசுகள் அவை. அதற்கு வடக்கே ஊனியங்கா என்ற இடத்தில் 18 ஏரிகள். ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் மழைகூட இல்லாத இடத்தில் அவை வற்றாமல் இருப்பதற்குக் காரணம், பசுமைக் காலத்தில் மண்ணுக்குள் இறங்கிய மழைநீர் இன்றும் அடியிலிருந்து ஊறி வருவதுதான். தஸ்ஸிலியில் வேறெங்கும் இல்லாத ஒரு சைப்ரஸ் மரவகை சில நூறு மரங்களாக நின்றுகொண்டிருக்கிறது.

விலங்குகளில் எனக்குப் பிடித்தது, பலர் கவனிக்காத வெள்ளி எறும்பு. நண்பகலில், பல்லிகள்கூட வெயில் தாங்காமல் பதுங்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் அது வளையைவிட்டு வெளியே வரும். வெப்பத்தில் செத்து விழுந்த பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு ஓடிவிடும். அதன் உடல்மேலுள்ள முடி முக்கோண வெட்டுமுகம் கொண்டது; வெயிலைத் திருப்பி அனுப்பும், உடல் சூட்டையும் வெளியேற்றும். ஒரு நொடியில் 85 சென்டிமீட்டர் ஓடும் என்று அளந்திருக்கிறார்கள். தன் நீளத்தைப் போல 108 மடங்கு அது. இதன் உறவான இன்னொரு எறும்பு துனிசியாவின் உப்புப் படுகைகளில் வாழ்கிறது. அடையாளம் எதுவும் இல்லாத வெளியில் எடுத்துவைத்த அடிகளைக் கணக்கில் வைத்து வளைக்குத் திரும்புகிறது. 2006இல் ஆய்வாளர்கள் அதன் கால்களில் நுண்ணிய குச்சிகளை ஒட்டி நீளமாக்கியபோது, வளையைத் தாண்டிப் போய்த் தேடியது.

ஒட்டகம் திமிலில் தண்ணீர் வைத்திருக்கிறது என்பது பொய். அதில் இருப்பது கொழுப்பு. க்னுட் ஷ்மிட்-நீல்சன் என்ற விலங்கு உடலியல் ஆய்வாளர் 1950களில் அல்ஜீரியாவின் பெனி அப்பெஸில் தங்கிச் செய்த ஆய்வுகள்தான் உண்மையைக் காட்டின. தண்ணீர் கிடைக்காத ஒட்டகம் தன் உடல் வெப்பத்தைக் காலையில் 34 டிகிரிக்கு இறக்கிக்கொண்டு, பகலில் 40க்கு மேல் ஏறும்வரை வியர்க்காமல் தாங்குகிறது. வியர்வையில் போகும் நீரை அப்படி மிச்சப்படுத்துகிறது.

அடாக்ஸ் என்ற வெண்ணிற இரலை இன்னும் ஒரு படி மேல். இலைகளிலும் பனியிலும் கிடைக்கும் ஈரத்தை வைத்தே மாதக்கணக்கில் வாழும். சஹாரா கொடுத்த எந்தத் துன்பமும் அதை அழிக்கவில்லை. துப்பாக்கியும் ஜீப்பும் அழித்தன. நைஜரில் தெர்மித் மலைக்கு அருகே 2016இல் தேடிப் பார்த்தபோது கண்ணில் பட்டவை மூன்றே மூன்று. வேட்டையோடு எண்ணெய் எடுக்கும் பணிகளின் தொந்தரவும் சேர்ந்துகொண்டது. வளைந்த நீளக் கொம்புடைய ஓரிக்ஸ் என்ற மானுக்கு இதைவிட மோசமான கதி நேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் அது காட்டிலிருந்து முற்றிலும் மறைந்துவிட்டது என்று அறிவித்தார்கள். ஆனால் பல நாட்டு விலங்குக் காப்பகங்களில் மிஞ்சியவற்றைப் பெருக்கி, 2016 முதல் சாட் நாட்டின் வாதி ரிமே காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே குட்டி போட்டுப் பெருகியதால் 2023இல் 'காட்டில் அற்றுப்போனது' என்ற பட்டியலிலிருந்து அந்த மான் எடுக்கப்பட்டது. இப்படி ஓர் இனம் திரும்பி வருவது அபூர்வம். முயன்றவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும்.

மனிதர்களுக்கு வருவோம். நடுச் சஹாராவில் துவாரெக் மக்கள். அல்ஜீரியா, லிபியா, மாலி, நைஜர், புர்க்கினா ஃபாசோ நாடுகளில் பரவியிருக்கிறார்கள். இவர்களில் முகத்தை மூடுபவர்கள் ஆண்கள்தான். அவுரி நீலம் தோய்த்த நீண்ட துணியைத் தலையிலும் முகத்திலும் சுற்றிக்கொள்கிறார்கள். கூடாரம் பெண்ணுக்குச் சொந்தம். திஃபினாக் என்ற பழைய எழுத்துமுறையை விடாமல் வைத்திருக்கிறார்கள். திபெஸ்தி மலைகளில் தூபு மக்கள், மேற்கே ஹஸ்ஸானியா அரபு பேசும் மூர்களும் சஹ்ராவிகளும், வடக்கே கர்தாயா பள்ளத்தாக்கில் 11ஆம் நூற்றாண்டிலிருந்து ஐந்து ஊர்களைக் கட்டி வாழும் மொஸாபியர்கள். சோலைகளில் உண்மையாக உழைத்தவர்கள் பெரும்பாலும் ஹராத்தீன் எனப்படும் கருநிற மக்களும் தெற்கிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட அடிமைகளும். இதைச் சொல்லாமல் சோலையின் அழகை மட்டும் வியப்பது நியாயமாகாது. மொரிட்டானியா அடிமை முறையை 1981இல்தான் ஒழித்தது. அதைக் குற்றமாக்கிய சட்டம் 2007இல்தான் வந்தது.

கடக்கவே முடியாத வெளி என்பதும் பொய்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒட்டகக் கூட்டங்கள் வடக்கே தங்கமும் அடிமைகளும், தெற்கே உப்பும் துணியும் கொண்டுபோயின. 1352இல் மொராக்கோவிலிருந்து புறப்பட்டு இந்த வழியே போன இப்னு பதூதா, தகாஸா என்ற ஊரில் வீடும் பள்ளிவாசலும் உப்புக் கட்டியால் கட்டி ஒட்டகத் தோலால் கூரை வேய்ந்திருந்ததாக எழுதியிருக்கிறார். (இவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் மதுரைக்கும் இலங்கைக்கும் வந்து போனவர்.) நைஜரின் பில்மாவிலிருந்து உப்பும் பேரீச்சையும் ஏற்றிக்கொண்டு போய்க் கம்புக்கு மாற்றும் ஒட்டக வணிகம் நம் காலம் வரை நீடித்தது. 1960களில் வந்த நாட்டெல்லைகள் துவாரெக் மேய்ச்சல் வழிகளைக் குறுக்கே வெட்டின. 1970களிலும் 80களிலும் வந்த வறட்சிகளில் மந்தைகள் அழிந்தன. கால்நடை போனபின் பலர் அகதி முகாம்களுக்கும் நகர விளிம்புகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மாலியிலும் நைஜரிலும் பின்னர் வெடித்த கிளர்ச்சிகளுக்கு இந்த இழப்பும் ஒரு காரணம்.

தண்ணீரை இவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் சஹாராவின் மிகப் பெரிய அறிவு என்று நினைக்கிறேன். துவாத் பகுதியில் 'ஃபொக்காரா' என்ற முறை இருக்கிறது. மேட்டுநிலத்தின் அடியிலுள்ள நீர்மட்டத்தைத் தொட்டு, அங்கிருந்து சோலைவரை சில கிலோமீட்டர் நீளத்துக்கு மெல்லிய சரிவில் சுரங்கம் குடைந்திருப்பார்கள். இடையிடையே மேலிருந்து கிணறுபோல் துளைகள். காற்று வரவும், ஆள் இறங்கித் தூர்வாரவும். இறைக்க வேண்டியதில்லை, நீர் தானாக வெளியே வரும். வந்ததும் சீப்புப் பல் போல வரிசையாகத் துளை போட்ட ஒரு கல் பலகையில் விழுந்து பங்கு பிரியும். துளையின் அளவுதான் ஒருவருடைய பங்கு. அதை விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். ஊரில் நீர் அளப்பவர் ஒருவர் இருப்பார். துளையிட்ட செப்புத் தகட்டைக் கொண்டு ஓட்டத்தை அளந்து, யாருக்கு எவ்வளவு என்று கணக்கு சொல்வார். அவர் சொல்லுக்கு ஊர் கட்டுப்படும். அழியும் நிலையிலுள்ள அறிவு என்று யுனெஸ்கோ 2018இல் இந்த நீர் அளப்போரின் திறமையைப் பட்டியலிட்டது. ஆழ்துளைக் கிணறு வந்து நீர்மட்டம் இறங்கினால் சுரங்கம் காய்ந்துவிடும், அளக்க ஒன்றும் இருக்காது.

அல்ஜீரியாவின் எல் ஊவெத் பக்கம் வேறொரு வழி. அங்கே மணற்குன்றுகளுக்கு நடுவே பத்து மீட்டரையும் தாண்டும் ஆழத்தில் அகன்ற குழிகள் தோண்டி, அடியில் பேரீச்சை நடுவார்கள். நீரை மரத்துக்குக் கொண்டுவராமல் மரத்தை நீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பாசனமே தேவையில்லை. ஆனால் காற்று தள்ளும் மணலைத் தலைமுறை தலைமுறையாகக் கூடையில் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரம் வளர்ந்தது. மிக ஆழத்திலிருந்த நீரை இயந்திரம் வைத்து ஏற்றினார்கள். பயன்படுத்திய கழிவுநீர் போக வழியில்லாமல் மேல்மட்ட மணலிலேயே இறங்கியது. நீர்மட்டம் ஏறி, குழிகளுக்குள் நீர் தேங்கி, ஆயிரக்கணக்கான பேரீச்சை மரங்கள் வேர் அழுகிச் செத்தன. உலகின் மிகப் பெரிய பாலைவனங்களில் ஒன்றில், தண்ணீர் அதிகமாகித் தோப்பு அழிந்தது. இன்று அதே வட்டாரம் ஆழ்துளை நீரில் வட்டமாகச் சுற்றும் தெளிப்பான்களை வைத்து உருளைக்கிழங்கு விளைவித்து நாட்டுக்கே அனுப்புகிறது.

லிபியா 1984இல் தொடங்கிய பெரும் குழாய்த் திட்டமும் இதே வகைதான். தெற்குப் பாலைவனத்தின் அடியிலுள்ள பல்லாயிரம் ஆண்டுப் பழைய நீரை நான்கு மீட்டர் விட்டமுள்ள குழாய்களில் 1996இல் திரிப்போலி வரை கொண்டுவந்தார்கள். கடலோர நகரங்களில் தாகம் தீர்ந்தது உண்மை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நீர் விழுந்தது பசுமைக் காலத்திலும் அதற்கு முந்தைய மழைக் காலங்களிலும். இப்போது பெய்யும் மழையால் அது நிரம்பாது. அல்ஜீரியா, துனிசியா, லிபியா மூன்றுக்கும் பொதுவாக, சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் உள்ள வடமேற்கு நீர்ப்படுகையில் ஆண்டுதோறும் ஊறுவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இயற்கை ஊற்றுகள் நின்றுபோயிருக்கின்றன, சில இடங்களில் நீர் உப்பாகி வருகிறது. 2024 ஏப்ரலில் மூன்று நாடுகளும் இந்தப் பொது நீரைக் கலந்து பேசி நிர்வகிக்க அல்ஜியர்ஸில் ஒப்பந்தம் செய்துகொண்டன. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று அளந்து, அந்த அளவை மூவரும் ஏற்றுக்கொண்டால்தான் அந்த ஒப்பந்தம் வேலை செய்யும்.